கடவுளைச் சுட்டும்போது ‘அவன்’, ‘அவள்’, ‘அது’, ‘அவர்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமய நூல்களுக்கு மெய்ப்புத் திருத்துபவர்களும், மொழிபெயர்ப்பவர்களும், பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு எடுப்பவர்களும் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. தமிழில் இந்துக்கள், கிறித்தவர்கள், முஸ்லிம்கள் ஆகிய மூவரும் கடவுளைப் பற்றிப் பல நூற்றாண்டுகளாக எழுதி வருகிறார்கள். ஆனால் கடவுளைச் சுட்டும் சொல்லை அவர்கள் ஒரே விதமாகத் தேர்ந்துகொள்ளவில்லை. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இலக்கணப்படி கடவுள் எந்தத் திணை, எந்தப் பால்?

திணை உயர்திணை. ‘மக்கள் தேவர் நரகர் உயர்திணை’ என்று நன்னூல் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. பால் பற்றிய கேள்விதான் நுட்பமானது. அதைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்கிறது. அதன் முதல் இயலான கிளவியாக்கத்தின் நான்காம் நூற்பா, தெய்வத்தைச் சுட்டும் பெயர்ச்சொற்களுக்கு ‘இவ்வென அறியும் அந்தம் தமக்கு இலவே’ என்கிறது. தெய்வத்துக்கே உரியது என்று அடையாளம் காட்டும் தனி விகுதி எதுவும் மொழியில் இல்லை; ஆகவே மனிதருக்குரிய ஆண்பால், பெண்பால், பலர்பால் ஈறுகளையே கடன்பெற்று அப்பெயர்கள் வழங்கும் என்பது அதன் கருத்து.

நாம் ‘அவன்’ என்றாலும் ‘அவள்’ என்றாலும் அது மக்களுக்கென அமைந்த சொல்லைத் தெய்வத்துக்கு எடுத்து வழங்குவதுதான் என்பதை நம் முதல் இலக்கண நூலே ஒப்புக்கொள்கிறது. இன்று நடக்கும் பெரும்பாலான வாதங்கள் இந்த நூற்பாவை மறந்ததால் எழுபவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சுட்டுப்பெயரையே தவிர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

தீராது. ஆங்கிலத்தில் ‘கடவுள்’ என்ற பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சுட்டுப்பெயரை ஒதுக்கிவிடலாம்; வினைச்சொல் பாலைக் காட்டாது. தமிழில் வினைமுற்றிலேயே பால் உட்கார்ந்திருக்கிறது. ‘கடவுள்’ என்ற சொல்லில் பால் விகுதி இல்லை என்று நிம்மதி கொள்வதற்குள் ‘படைத்தான்’, ‘படைத்தாள்’, ‘படைத்தது’, ‘படைத்தார்’ என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருக்கிறது.

ஆயினும் தமிழில் சில வாசல்கள் உண்டு. ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு வினைமுற்று ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால், பலவின்பால் ஆகிய நான்கிற்கும் பொதுவானது. ‘தெய்வம் நின்று கொல்லும்’ என்ற பழமொழியைக் கேட்டவர் யாரும் அந்தத் தெய்வம் ஆணா பெண்ணா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ‘வாழ்க’, ‘அருள்க’ போன்ற வியங்கோளிலும் பால் இல்லை. ‘போற்றி போற்றி’ என்று அடுக்கும் வழிபாட்டிலும் இல்லை. ‘உலகைப் படைத்த’, ‘உயிர்களைக் காக்கின்ற’ என வரும் பெயரெச்சங்களிலும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னிலையில் பாலே கிடையாது. ‘நீ வந்தாய்’ என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். கடவுளைப் பற்றிப் பேசும்போதுதான் தமிழன் பாலைத் தேட வேண்டியிருக்கிறது. கடவுளோடு பேசும்போது தேட வேண்டியதில்லை.

கடவுளை ‘அவன்’ என்பது மரியாதைக் குறைவு அல்லவா?

பள்ளியில் ஆசிரியரை ‘அவர்’ என்று சொல்லப் பழகிய பிள்ளைக்கு இந்த ஐயம் எழுவது இயல்பு. ஆனால் ‘அவர்’ என்னும் பலர்பாற் சொல்லை ஒருவருக்கு மரியாதையாக வழங்கும் பழக்கம் இன்றைய உரைநடையில் கட்டாயமாகிவிட்டதைப் போலப் பழந்தமிழ்ச் செய்யுளில் கட்டாயமாக இருக்கவில்லை. புறநானூற்றுப் புலவர்கள் மன்னர்களை நேருக்கு நேர் ‘நீ’ என்றே விளித்தார்கள். திருக்குறளின் கடவுள் வாழ்த்து அதிகாரத்தில் ‘வாலறிவன்’, ‘மலர்மிசை ஏகினான்’, ‘இறைவன்’, ‘எண்குணத்தான்’ என்று எல்லாமே ஆண்பால் ஒருமை. மரியாதைப் பன்மை ஓரிடத்திலும் இல்லை. வள்ளுவர் கடவுளுக்கு மரியாதை தரவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பக்திப் பாடல்களில் இந்த ஒருமை இன்னொரு பொருளையும் பெறுகிறது. அதுதான் உரிமை. திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரர் சிவனைப் ‘பித்தா’ என்று அழைத்தே பாடத் தொடங்குகிறார். பெற்ற தாயை ‘நீ’ என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டு அம்மாவை ‘நீங்கள்’ என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் ஏராளம். அந்த ‘நீ’யில் உள்ள நெருக்கமே தேவாரத்தின் ‘அவன்’ என்பதிலும் இருக்கிறது. பழைய பாடலைப் பதிப்பிக்கும்போது ‘அருளினான்’ என்பதை மரியாதைக்காக ‘அருளினார்’ என்று மாற்றுபவர்கள் நன்மை செய்வதாக நினைக்கிறார்கள். உண்மையில் பாடியவருக்கும் கடவுளுக்கும் இடையே அவர் விரும்பாத ஒரு தூரத்தை அவர்கள் நுழைத்துவிடுகிறார்கள்.

முஸ்லிம்கள் அல்லாஹ்வை ‘அவன்’ என்றும் நபியை ‘அவர்கள்’ என்றும் எழுதுவது ஏன்?

பிற சமயத்து வாசகர்களுக்கு இது முதலில் வியப்பாக இருக்கும். படைத்தவனுக்கு ஒருமை, தூதருக்குப் பன்மை. மரியாதை தலைகீழாகிவிட்டதே என்று சிலர் கேட்கிறார்கள். தலைகீழாகவில்லை. தமிழில் ‘அவர்’ என்பது அடிப்படையில் பலரைக் குறிக்கும் சொல். இறைவன் ஒருவனே என்பதை உயிர்நிலையாகக் கொண்ட சமயத்தில், பன்மையின் நிழல்கூட இறைவன்மேல் விழக்கூடாது என்ற கவனம் இந்த வழக்கின் பின்னால் நிற்கிறது. ‘அல்லாஹ் ஒருவன்’ என்று தமிழ் குர்ஆன் மொழிபெயர்ப்புகள் சொல்லும்போது அந்த ‘-அன்’ ஈறு ஆண்மையை அறிவிப்பதற்காக வரவில்லை. ஒருமையை அறிவிக்க வருகிறது. ‘அவன் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை’ என்று அதே அத்தியாயம் தொடர்வதால் உடல்சார்ந்த பால் அங்கே அறவே விலக்கப்பட்டுவிடுகிறது.

அரபு மொழியில் அஃறிணை போன்ற மூன்றாவது வகை இல்லை. எந்தப் பெயரும் ஆண்பால் அல்லது பெண்பால். அங்கே சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். ஆகவே குர்ஆனில் இறைவனுக்கு வரும் ஆண்பால் சுட்டு அம்மொழியின் அமைப்பைச் சேர்ந்தது. மனிதராகிய நபியை நாம் பெரியோரைச் சொல்வதுபோல் ‘அவர்கள்’ என்று சொல்வதில் எந்த முரணும் இல்லை. ஆகவே பத்திரிகையில் எழுதும் நண்பர்கள் மரியாதை செய்வதாக எண்ணி ‘அல்லாஹ் கூறினார்’ என்று எழுத வேண்டாம். ‘அல்லாஹ் கூறினான்’ என்பதே அச்சமூகத்தின் மரியாதை வழக்கு.

திருமூலரின் ‘ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்’ என்ற அடியிலும் இதே ‘ஒருவன்’ இருப்பதை நினைவூட்டிக்கொள்ளலாம்.

தமிழ் வேதாகமத்தில் ‘தேவன் சிருஷ்டித்தார்’ என்று வருகிறதே, ‘தேவன்’ என்ற எழுவாய்க்கு ‘சிருஷ்டித்தார்’ என்ற பயனிலை பொருந்துமா?

‘ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்’ என்ற தொடர் தமிழ்க் கிறித்தவர் பலருக்கு மனப்பாடம். எழுவாய் ஆண்பால் ஒருமை, பயனிலை பலர்பால். இலக்கண ஆசிரியர் பிழை என்று சிவப்பு மையால் சுழிக்கக்கூடும். ஆனால் ‘முருகன் வந்தார்’, ‘மன்னன் ஆணையிட்டார்’ என்று நாம் எல்லோரும் எழுதுவதைப் போன்றதே இதுவும்: பெயர் பழைய ஒருமையில் நிற்க, வினை புதிய மரியாதையில் வருகிறது.

மூலமொழியைப் பார்த்தால் இன்னும் சுவையான ஒற்றுமை தெரிகிறது. எபிரேயத்தில் அதே வசனத்தில் கடவுளைக் குறிக்கும் ‘எலோஹீம்’ என்ற சொல் வடிவத்தில் பன்மை. அதனுடன் சேரும் ‘பாரா’ என்ற வினையோ ஆண்பால் ஒருமை. தமிழில் பெயர் ஒருமை, வினை பன்மை வடிவம். எபிரேயத்தில் பெயர் பன்மை வடிவம், வினை ஒருமை. கடவுளைப் பற்றிய முதல் வாக்கியத்திலேயே இரண்டு மொழிகளும், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில், தம் வழக்கமான இயைபிலிருந்து விலகி நிற்கின்றன.

பரிசுத்த ஆவி ‘அவரா’, ‘அதுவா’?

தமிழ்க் கிறித்தவ எழுத்தில் மிகக் கடினமான இடம் இதுவே. ‘ஆவி’ என்ற சொல் தமிழில் அஃறிணை. ஆவி வரும், ஆவி போகும். ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆட்களாக இருக்கிறார் என்னும் திரித்துவக் கொள்கைப்படி தூய ஆவி ஓர் ஆள். வெறும் ஆற்றல் அல்ல. பழைய மொழிபெயர்ப்பு ஒரு சொல்லை உருவாக்கி இதைக் கடந்தது: ‘ஆவியானவர்’. ‘தேவ ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடிக்கொண்டிருந்தார்’ என்ற வாக்கியத்தில் ‘ஆனவர்’ என்ற ஒட்டு அஃறிணைச் சொல்லை உயர்திணைக்கு ஏற்றிவிடுகிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் சேர்ந்து செய்து 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அதே வசனம் ‘கடவுளின் ஆவி அசைந்தாடிக் கொண்டிருந்தது’ என்று அஃறிணை முடிவு பெறுகிறது. ஆனால் யோவான் நற்செய்தியில் அதே மொழிபெயர்ப்பு ‘தூய ஆவியார்’ என்று சொல்லி ‘கற்றுத் தருவார்’ என்று முடிக்கிறது. பழைய மொழிபெயர்ப்பும் எங்கும் ஒரே சீராக இல்லை. மரியாளிடம் தூதன் பேசும் இடத்தில் ‘பரிசுத்த ஆவி உன்மேல் வரும்’ என்றே இருக்கிறது. ‘செய்யும்’ முற்றின் வாசல் அங்கேயும் பயன்பட்டிருக்கிறது.

மூலமொழிகளிலும் இந்த அலைவு உண்டு. ஆவியைக் குறிக்கும் எபிரேயச் சொல் பெரும்பாலும் பெண்பாலாக வழங்குவது. ஆதியாகமத்தில் அந்த அசைவாடலைச் சொல்லும் வினையும் பெண்பால் வடிவமே. கிரேக்கச் சொல் அலிப்பால் என்று பழைய இலக்கணக்காரர்கள் மொழிபெயர்த்த, ஆணும் பெண்ணும் அல்லாத பொதுப்பால். இலத்தீன் சொல் ஆண்பால். ஒரே ஆவி மூன்று மொழிகளில் மூன்று பாலாக நின்றிருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு என் பரிந்துரை: ஆள்தன்மை கருத்தின் மையமாக இருக்கும் இடத்தில் ‘ஆவியார்’ அல்லது ‘ஆவியானவர்’ என்று எழுதுங்கள், காற்று, மூச்சு என்ற உருவகம் மேலோங்கும் இடத்தில் அஃறிணையை அஞ்சாமல் பயன்படுத்துங்கள்.

‘அவன்’ என்று சொல்வதால் கடவுள் ஆண் என்று ஆகிவிடுமா?

இந்தக் கேள்விக்கு நம்மாழ்வாரைவிடத் தெளிவாக விடை சொன்னவர் இல்லை. திருவாய்மொழியின் இரண்டாம் பத்தில், ‘ஆணல்லன் பெண்ணல்லன் அல்லா அலியுமல்லன்’ என்று தொடங்குகிறார். ஆண் அல்ல, பெண் அல்ல, இரண்டும் அல்லாத நிலையும் அல்ல. மூன்றையும் மறுத்துவிட்டார். ஆனால் மறுக்கும் சொல்லை உற்றுப் பாருங்கள்: ‘அல்லன்’. அது ஆண்பால் ஒருமை விகுதி. ஆண் இல்லை என்பதையே ஆண்பால் ஈற்றில்தான் அவரால் சொல்ல முடிகிறது. இதை அவர் அறியாமல் செய்யவில்லை என்பதற்கு அதே பாசுரத்தின் கடைசி அடி சான்று: ‘கோணை பெரிதுடைத்து எம் பெம்மானைக் கூறுதலே’. எம்பெருமானைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் அதில் பெரிய இடர்ப்பாடு உண்டு என்கிறார். மொழி அவர் கையில் முறுக்கிக்கொள்வதை அவரே காட்டிவிடுகிறார். இந்த அடியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

மாணிக்கவாசகர் எதிர்த்திசையில் சென்று அதே இடத்தை அடைகிறார். திருவெம்பாவையில் ‘பெண்ணாகி ஆணாய் அலியாய்’ என்று மூன்றையும் ஏற்றுக்கொண்டு, அவை மட்டுமன்றி ‘இத்தனையும் வேறாகி’ என்று அப்பாலும் போய், ‘நின்றான்’ என்று ஆண்பாலில் முடிக்கிறார். சிவபுராணத்தில் ‘தாயிற் சிறந்த தயாவான தத்துவனே’ என்கிறார்; தாயைவிடச் சிறந்தவன் என்று சொல்லும்போதும் விளி ஆண்பாலில்தான் வருகிறது. சம்பந்தர் சீர்காழியில் பாடிய முதற்பதிகத்தின் முதற்சொற்கள் ‘தோடுடைய செவியன்’. தோடு பெண்ணின் அணி, ‘செவியன்’ ஆண்பால். இரண்டே சொற்களில் அம்மையும் அப்பனும் வந்துவிட்டார்கள்.

பாரதியார் இந்த மரபை மேலும் ஓர் அடி முன்னே கொண்டுபோனார். கண்ணனைத் தாயாகப் பாடும் பாட்டில் ‘கண்ணனெனும் பெயருடையாள்’ என்று எழுதுகிறார். பெயரில் ஆண்பால் விகுதி இருக்க, முடிவில் பெண்பால் விகுதி வைக்கிறார். அதே தொகுப்பில் கண்ணன் தந்தையாகவும் தோழனாகவும் சேவகனாகவும் வருகிறான்; கண்ணம்மாவாகி, காதலியாகவும் குலதெய்வமாகவும் ஆகிறாள்.

மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் ‘அவன் அவள் அதுஎனும் அவை’ என்றுதான் தொடங்குகிறது. அங்கே அந்த மூன்று சுட்டும் தோன்றி, நின்று, ஒடுங்கும் உலகத்தைக் குறிக்கின்றன. அவன், அவள், அது என்ற பகுப்பு உலகுக்கு உரியது. அதைத் தோற்றுவிக்கும் முதலுக்கு உரியது அன்று.

பழைய பாடல்களில் வரும் ‘அலி’ என்ற சொல்லை இன்று எப்படிக் கையாள்வது?

பாடலைத் திருத்தக் கூடாது. விளக்கத்தைத் திருத்த வேண்டும். ஆழ்வாரும் மாணிக்கவாசகரும் அச்சொல்லை இழிவாக ஆளவில்லை. இறைவன் ஏற்கும் நிலைகளில் ஒன்றாகவோ, எல்லா நிலைகளுக்கும் அப்பாற்பட்டவன் என்று காட்டவோ ஆண்டார்கள். பிற்காலத்தில் அது மனிதரை வசைபாடும் சொல்லாகச் சீரழிந்தது. ஆகையால் உரை எழுதும்போது அதை நம் சொல்லாக எடுத்தாளாமல், ‘ஆண் பெண் என்ற இரண்டிலும் அடங்காத நிலை’ என்று விரிப்பதும், மனிதரைக் குறிக்கும்போது திருநங்கை, திருநம்பி, திருநர் என்ற சொற்களை ஆள்வதும் முறை. மேலே சொன்ன தொல்காப்பிய நூற்பா, ஆண்மை திரிந்தோரின் பெயரையும் தெய்வத்தின் பெயரையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பேசுகிறது. இரு வகையினருக்கும் மொழியில் தனி விகுதி இல்லை என்பதே காரணம். சமய வகுப்பில் இந்த நூற்பாவைச் சொல்லிக்கொடுத்தால், மாணவர்களில் யாரேனும் ஒருவருக்கு அது பெரும் ஆறுதலாக அமையலாம்.

சுவாமியை ‘அவர்’ என்றும் அம்மனை ‘அவள்’ என்றும் எழுதுகிறோமே, இது சரியா?

‘சிவபெருமான் சொன்னார், பார்வதி கேட்டாள்’ என்பது கதை நூல்களில் இன்றும் இயல்பாக வரும் நடை. இருவரையும் பழைய முறையில் ‘சொன்னான், கேட்டாள்’ என்று வைத்தால் சமம். இருவரையும் ‘சொன்னார், கேட்டார்’ என்று வைத்தாலும் சமம். ஒருவருக்கு மட்டும் மரியாதை விகுதி தருவதற்குச் சமயக் காரணம் எதுவும் கிடையாது. வீட்டில் கணவனை ‘அவர்’ என்றும் மனைவியை ‘அவள்’ என்றும் சொல்லும் வழக்கம் கடவுளர் குடும்பத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. இதை நான் குறை என்றே கருதுகிறேன்.

அதற்காக அம்மனிடம் ‘அவள்’ என்று உரிமையோடு பேசும் பக்தரைத் திருத்தப் போகக் கூடாது. ‘ஆத்தா வந்திருக்கா’ என்ற சொல்லில் குறைபடும் மரியாதை எதுவும் இல்லை. ஒரே பத்தியில், ஒரே நடையில், இருவருக்கு இரண்டு அளவுகோல் வைப்பதுதான் தவறு.

‘சாமி’, ‘தெய்வம்’, ‘சிவம்’ ஆகியவற்றுக்கு அஃறிணை முடிவு தருவது இழிவா?

இல்லை. ‘தப்புப் பண்ணினால் சாமி கண்ணைக் குத்தும்’ என்று கேட்டுத்தான் நாம் வளர்ந்தோம். ஊர்க் கோயிலில் ‘சாமி ஆடுது’, ‘சாமி வந்திருச்சு’ என்பார்கள். அந்தச் சாமியின் முன்னால்தான் ஊரே விழுந்து வணங்கும். ‘சிவன்’ உருவமும் கதையும் உடையவன். ‘சிவம்’ உருவம் கடந்த மெய்ப்பொருள். ஒரே பகுதியில் விகுதியை மாற்றி இரண்டு கருத்துகளை உண்டாக்கிக்கொள்ளும் வசதி தமிழில் இருப்பதை நாம் எண்ணி மகிழ வேண்டும். வள்ளலாரின் ‘அருட்பெருஞ்ஜோதி’யும் அஃறிணைச் சொல்லே. அவரே அந்த ஜோதியை அப்பா என்றும் தாயே என்றும் அழைத்து உருகியிருக்கிறார்.

கடவுளிடம் பேசும்போது ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்பவற்றுள் எது பொருத்தம்?

இந்து மரபில் பெரும்பாலும் ‘நீ’. ‘அப்பன்நீ அம்மைநீ’ என்பது அப்பர் வாக்கு. கிறித்தவ மரபில் ‘நீர்’: ‘உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக’. அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் வழக்கொழிந்த ‘நீர்’, ‘உமது’ என்ற வடிவங்களைத் திருச்சபைகளின் செபங்கள் காப்பாற்றி வைத்திருப்பது மொழிக்குக் கிடைத்த பேறு. அண்மைக்காலக் கிறித்தவப் பாடல்களில் ‘நீங்க’ என்ற பேச்சு வடிவமும் கேட்கிறது. வீட்டில் தந்தையை அழைப்பதுபோல் அழைக்கும் ஆசை அதில் தெரிகிறது.

எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக ‘அவர்’ என்றே எழுதிவிட்டால் நடுநிலையாக இருக்காதா?

பொதுக் கட்டுரைகளில், எந்தச் சமயத்தையும் சுட்டாமல் ‘கடவுள்’ என்று மட்டும் பேசும் இடத்தில், ‘அவர்’ நல்ல தேர்வுதான். ஆண், பெண் இருவருக்கும் ஒத்து வரும் மரியாதைச் சொல் தமிழில் ஏற்கெனவே இருப்பது பெரிய வசதி. குறிப்பிட்ட ஒரு சமயத்தைப் பற்றி எழுதும்போது அந்தச் சமயத்தாரின் வழக்கையே பின்பற்ற வேண்டும். மேற்கோளில் உள்ளதை ஒருபோதும் மாற்றக் கூடாது.

பிள்ளை ‘சாமி ஆணா, பெண்ணா?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

முடிந்தால் திருச்செங்கோட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். மலைமேல் உள்ள கருவறையில் ஒரே திருமேனியின் ஒரு பாதி ஆண், மறுபாதி பெண். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் உள்ள இறைவனுக்குத் ‘தாயுமானவர்’ என்று பெயர். மகளின் பேறுகாலத்துக்கு வர முடியாமல் காவிரி வெள்ளத்தால் தடைபட்ட தாயின் உருவில் வந்து அவரே பேறு பார்த்தார் என்பது தலவரலாறு. கிறித்தவக் குடும்பமானால் ஏசாயாவின் நாற்பத்தொன்பதாம் அதிகாரத்தை எடுத்து, தாய் தன் பிள்ளையை மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை என்று கடவுள் சொல்லும் இடத்தைப் படித்துக் காட்டலாம். முஸ்லிம் குடும்பமானால், அவனைப் போல் எதுவுமில்லை என்ற குர்ஆன் வாக்கியம் விடையாகும். பிறகு பிள்ளை எந்தச் சொல்லால் அழைக்கிறதோ, அந்தச் சொல்லாலேயே அழைக்கட்டும்.